திருகோணமலையில் நான் இழுத்த இரும்பு நூல்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பழைய தையல் மெஷினின் மோட்டாரையும் மாவு மில்லில் கழித்துப்போட்ட பேரிங்கையும் வைத்துக் கண்ணாடி லேத் ஒன்றை நானே செய்தேன். அது இன்றும் ஓடுகிறது. திருச்சியில் ஏழு தியேட்டர்களுக்கு நியான் எழுத்து வளைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு தியேட்டரின் பெயரில் 'ழ' வரும். மூன்று பேர் ஆகாது என்று கைவிட்ட அந்த 'ழ'வை ஒரே குழாயில், ஒட்டு இல்லாமல் வளைத்தேன். எல்.இ.டி. வந்து நியான் நின்றதும், அதே நெருப்பு டார்ச்சில் ஆய்வகக் கண்ணாடி ஊத ஆரம்பித்தேன். கல்லூரிக்காரர்கள் படம் வரைந்துகொண்டு வருவார்கள். பாதிப் படம் ஊத முடியாததாக இருக்கும். அதைத் திருத்தி ஊதிக் கொடுப்பேன். திருத்தியது யார் என்று எந்தப் படத்திலும் எழுதியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கக் கூடாது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சின்ன ஆய்வுகூடம் ஒன்றுக்கு வேக்யூம் லைன் செய்து அனுப்பியிருந்தேன். காற்றுப் படாமல் மருந்து கலப்பதற்கான கண்ணாடிக் குழாய் வரிசை அது. இரண்டு நீளக் குழாய்கள். ஒன்றில் பம்பு காற்றை உறிஞ்சும். மற்றதில் நைட்ரஜன் ஓடும். நடுவில் ஐந்து திருகுகள். போய்ச் சேர்ந்தபோது இரண்டு திருகுகளுக்கு அருகில் விரிசல் இருந்ததாம். படம் எடுத்து, 'உங்கள் பொருள் உடைந்திருக்கிறது' என்று கடிதமும் எழுதியிருந்தார்கள். நான் செய்தது தானாக உடையாது. டார்ச்சையும், சூடு தாங்கும் போரோ கண்ணாடிக் குழாய் கொஞ்சத்தையும் கட்டிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். எழுபத்தொரு வயதில் முதல் வெளிநாடு.

போய் இறங்கியது திங்கட்கிழமை பிற்பகல். துறைமுகத்துத் தண்ணீர் நம் ஊர் ஏரி போல அசையாமல் கிடந்தது. கடல் என்றால் இரைச்சல் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் காற்றில் உப்பு இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி மங்கியது. இந்த ஈரக் காற்றில் காற்றே படாத வேலை செய்ய நினைக்கும் ஆள் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ரப்பர் உறை. கடிதத்தின் அடியில் 'கலாநிதி ஜெசிந்தா' என்று இருந்தது நினைவில் இருந்ததால், முதலில் பெரியவரை விசாரிப்பதுதான் மரியாதை என்று, "அப்பா கலாநிதி சௌக்கியமா இருக்காராம்மா?" என்றேன்.

அவர் கொஞ்சம் விழித்தார். "என்ர அப்பா அந்தோனிப்பிள்ளை ஐயா. அவர் மோசம் போய், கண் மூடிக் கனகாலம்."

"அப்ப கலாநிதி?"

"அது நான்தான். படிச்சு எடுத்த பட்டம் அது. உங்கட ஊரில முனைவர் எண்டு சொல்லுவினம்."

பக்கத்தில் நின்ற ஆய்வுகூட உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் பெயர் சின்னராசா. ஐம்பத்தெட்டு வயது, ஈச்சிலம்பற்றுக்காரர், மீன்பிடிக் குடும்பம். என் பெயரைக் கேட்டார்.

"பெரியண்ணன்."

"பேரே பெரியண்ணனோ? அப்ப ஊரில உங்கட அம்மாவும் உங்களைப் பெரியண்ணன் எண்டுதான் கூப்பிட்டவவோ?"

"ஆமா."

"அப்ப எனக்கு வேற வழியில்லை, அண்ணே."

அன்று வேலை எதுவும் நடக்கவில்லை. எனக்குத் தங்க இடம் கொடுத்திருந்தது பிலோமினா என்ற அம்மா வீட்டில். குசினியிலிருந்து பிட்டும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. நம் ஊரில் புட்டுக்குச் சர்க்கரை போட்டு, வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவோம். இங்கே மீன் குழம்பை ஊற்றுகிறார்கள். முதல் கவளம் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நாலாவது கவளத்தில் திருச்சிக்காரர்களுக்கு இது இத்தனை காலம் தோன்றாமல் போனது ஏன் என்று தோன்றியது. தேநீரில் சர்க்கரை இல்லை. தட்டில் ஒரு துண்டு பனங்கட்டி தனியாக வந்தது. கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டுமாம்.

படுக்கப் போகும்போது பிலோமினா அம்மா கதவருகில் நின்று, விளக்கைக் காட்டி ஏதோ சொன்னார். பாதிதான் புரிந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில், "ஏன் ஐயா, விடிய விடிய லைற் எரிஞ்சது? புது இடம் எண்டு பயமோ?" என்று கேட்டார். எனக்குப் பயமென்று யாரும் சொன்னதில்லை. அவர் என்ன சொன்னார் என்பது வெள்ளிக்கிழமைதான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக விரிசலைப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ஜெசிந்தா அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நல்லாப் பாருங்கம்மா. விரிசல் என் ஒட்டுல ஆரம்பிக்கலை. ஒட்டுக்கு அரை இஞ்ச் தள்ளி, வெளியிலேர்ந்து அடி பட்ட இடத்துல ஆரம்பிச்சிருக்கு. பெட்டியை யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க."

"நான் உங்களைப் பிழை சொல்லேல்லையே ஐயா."

"கடிதத்துல 'உங்கள் பொருள்' அப்படின்னு இருந்துச்சே."

"அது வடிவான தமிழில எழுத வேணும் எண்டு சின்னராசா அண்ணன் எழுதினது."

சின்னராசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒட்டுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். துறைமுகப் பக்கம் படகு வெல்டிங் செய்யும் பட்டறையில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. ஆட்டோக்காரர் அதைப் பார்த்ததும், "இது வெடிச்சா என்ர பெண்சாதிக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று ஏற்ற மறுத்துவிட்டார். சின்னராசாவின் மச்சான் இலங்கைத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் லொறியில் ஏற்றிவிட்டோம். லொறி வழக்கம்போல நேரே மீன் சந்தைக்குப் போய்விட்டது. இறக்கியவர்கள் ஐஸ் பெட்டிகளோடு சிலிண்டரையும் இறக்கி, இரண்டு பெரிய சூரை மீனுக்கு நடுவில் கிடத்திவிட்டார்கள். நாங்கள் தேடிப் போனபோது ஒரு பெரியவர் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெதியா வாங்கோ அண்ணே," என்றார் சின்னராசா. "உங்கட மீனுக்கு விலை கேக்கிறாங்கள்."

திரும்பி வந்தபோது அடுத்த கூத்து. நான் கொண்டுவந்த பெட்டியை வாசலில் வைத்திருந்தேன். இந்த ஊரில் நம் ஊர் மாடுகளைப் போலப் புள்ளிமான்கள் தெருவில் நடக்கின்றன. இரண்டு மான்கள் பெட்டிக்குள் தலையை விட்டு, கண்ணாடிக்குப் பாதுகாப்பாக வைத்திருந்த வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. மூன்று குழாய்களில் இரண்டு உருண்டு விழுந்து உடைந்துவிட்டன. கடைசிக் குழாயைப் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்தேன். மானுக்குத் திருச்சி வைக்கோல் பிடித்திருந்தது போலிருக்கிறது; மிச்சம் எதுவும் இல்லை.

மத்தியானத்துக்குள் லைனை ஒட்டி, பதமாகச் சூடு இறக்கி, பம்பைப் போட்டுக் காட்டினேன். அழுத்தமானியின் முள் கீழே போய், நின்ற இடத்தில் நின்றது. ஜெசிந்தா அம்மா அரை மணி நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எதற்கு இவ்வளவு பாடு என்று எனக்குச் சொன்னார்.

ஒரு புட்டியைத் திறந்து நீட்டினார். ஆரஞ்சு நிறத் தூள். "மணந்து பாருங்கோ."

"சூடம் மாதிரி இருக்கே."

"ஓம். பேர் ஃபெரோசீன். ஐஞ்சு மூலை வளையம் ரெண்டு, நடுவில ஒரு இரும்பு. மேலயும் கீழயும் தட்டு வைச்ச மாதிரி."

"க்ரீம் பிஸ்கட்டு. க்ரீம் இருக்க வேண்டிய எடத்துல இரும்பு."

"அதேதான். இப்ப அந்த ரெண்டு பிஸ்கட்டையும் ஒரு பக்கத்தில மட்டும் சிலிக்கனால இழுத்துக் கட்டினால் என்ன நடக்கும்?"

"மறுபக்கம் வாயைப் பொளந்துக்கும்."

"அது அப்பிடி வாயைப் பிளந்துகொண்டு இருக்க விரும்பாது. எப்ப விடுவினம் எண்டு நிக்கும். சூடு காட்டினால் கட்டு ஒரு பக்கம் அறுந்து, அந்தக் கை பக்கத்தில நிக்கிறதைப் பிடிக்கும். அது அடுத்ததைப் பிடிக்கும்."

"ரயில் பெட்டி கோக்குற மாதிரி."

"ஓம். கண்ணிக்கு ஒரு இரும்பு. சும்மா பிளாஸ்ரிக்கில இரும்பு கிடையாது. அதாலதான் இது நிறம் மாறும், கருக்கினால் காந்தத்தில ஒட்டும்."

"எத்தனை பெட்டி கோக்கும்?"

அவர் புட்டியை மூடிவைத்தார். "அதுதான் ஐயா கேள்வி. போன முறை மருந்தை வைச்சுச் சூடாக்கின குழாயின்ர வாய் சரியா மூடுப்படேல்லை. காத்துப் புகுந்திட்டுது. வந்தது பத்துப் பதினைஞ்சு பெட்டிதான். தகடு மாதிரி அழுத்தினன், ரஸ்க் மாதிரி நொருங்கிப் போச்சு. நீளச் சங்கிலியோ எண்டு அளக்கிற மெஷின் எங்களிட்ட இல்லை. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் கொழும்பில இருந்து மதிப்பீட்டுக்கு ஒருத்தர் வாறார். வளைஞ்சாலும் உடையாத தகடு ஒண்டை அவரின்ர கையில குடுக்க வேணும். இல்லாட்டி இந்தத் திட்டத்தை மூடிப்போடுவினம். மருந்தும் இன்னும் ஒருதரம் செய்யத்தான் கிடக்கு."

நான் உடையாமல் இருந்த அந்த ஒரு குழாயை எடுத்து மேஜையில் வைத்தேன். "வாயை நான் மூடித் தர்றேன்மா," என்றேன். நியான் குழாயில் காற்று ஒரு துளி இருந்தாலும் எழுத்து எரியாது. நான் வளைத்த தியேட்டர்களில் எழுத்து எரியாத தியேட்டர் கிடையாது.

அன்று மாலை என் லைனில், நைட்ரஜனுக்கு அடியில், ஃபெரோசீனோடு லித்தியம் மருந்தைச் சேர்த்துக் கலக்க விட்டார்கள். காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும் சாமான் அது. சின்னராசா மணல் வாளியோடு பக்கத்தில் நின்றார்.

புதன்கிழமை குடுவையில் ஆரஞ்சுக் கூழ் நின்றது. அதில் சிலிக்கன் மருந்தைக் கடுங்குளிரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தக் குளிருக்கான ஐஸ் இந்த ஊரில் கிடைக்காது. சின்னராசா மீன் வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து நொறுக்கி, கல்லுப்பைக் கலந்தார். வெப்பமானி பூஜ்யத்துக்கும் கீழே இருபது டிகிரிக்கு இறங்கியது.

"இது என்ர அப்பர் மீனுக்குச் செய்த வேலை," என்றார். "உங்களுக்கு விஞ்ஞானம் தெரியுமோ எண்டு ஜெசிந்தா என்னைப் பேசினவ."

"நல்லாத்தானே பேசுறாங்க உங்ககிட்ட."

"ஐயோ அண்ணே, எங்கட ஊரில பேசினது எண்டால் ஏசினது. நாங்கள் இப்ப செய்யிறது கதைக்கிறது."

நான் இரண்டு நாளாக எல்லோரிடமும் "பேசலாம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிலோமினா அம்மா ஏன் ஒவ்வொரு தடவையும் முகம் மாறினார் என்பது அப்போது புரிந்தது. இருவரும் தமிழ்தான். ஆனால் ஒரே சொல் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் இன்னொன்றும் சொல்கிறது. அந்தப் பாடம் எனக்கு அன்றைக்கே முழுதாக ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை, லைனோடு நான் ஊதி அனுப்பியிருந்த பதங்கக் குடுவையில், ஆவி படிவதற்காக நடுவில் தொங்கும் குளிர்ந்த விரல் போன்ற குழாய் மேல் சிவப்புப் படிகம் பூத்திருந்தது. மாதுளை முத்து நிறம். வாயைப் பிளந்து நிற்கும் சாமான் இதுதான். படிகங்களை அந்த ஒற்றைக் குழாயில் இறக்கி, லைனில் மாட்டிக் காற்றை உறிஞ்சினார்கள். எல்லோரும் விலகி நின்றார்கள்.

குழாயின் கழுத்தில் டார்ச்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால், இளகிய கண்ணாடியை வெற்றிடம் உள்ளே இழுத்து ஓட்டை போட்டுவிடும். பயந்தால் கழுத்து சரியாக மூடாது. கழுத்து இளகி ஒட்டிக்கொண்ட நொடியில் மெல்ல இழுத்துத் திருகி எடுத்தேன். நுனி வேப்பங்கொட்டை போல உருண்டு நின்றது. ஜெசிந்தா அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுப்பில் நூற்றைம்பது டிகிரி. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தோம். சிவப்பு உருகித் தண்ணீர் போல ஓடியது. குழாயைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் தேன் போல நகர்ந்தது. அப்புறம் சாய்த்தாலும் நகரவே இல்லை. நிறம் சிவப்பிலிருந்து பொன்மஞ்சளுக்கு மாறிவிட்டது.

"கோத்துக்கிச்சு," என்றேன்.

"இன்னும் சொல்லாதேங்கோ," என்றார் அவர். ஆனால் சின்னராசாவை அனுப்பி எல்லோருக்கும் மீன் பணிஸ், அதாவது மீன் வைத்த பன், வாங்கிவரச் சொன்னார்.

குழாயை உடைத்து, உள்ளே இருந்ததைக் கரைத்து, வேறொரு திரவத்தில் ஊற்றினார்கள். இடியாப்பம் பிழிந்தது போல மஞ்சள் இழைகள் மிதந்தன. அதை வடித்து மறுபடி என் லைனிலேயே மாட்டி, பம்பில் உலர விட்டுப் போனோம்.

வெள்ளிக்கிழமை. கொழும்புக்காரர் வருவது இரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்கு ஜெசிந்தா அம்மா உலர்ந்த சங்கிலிச் சாமான் (பாலிமர் என்கிறார்கள்) முழுவதையும் சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஹீட்டர் தட்டில் வைத்து உருக்க ஆரம்பித்தார். மேலே மெல்ல நைட்ரஜன். உருகியதும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தித் தகடாக்குவது திட்டம். கிண்ணத்தில் அது நல்லெண்ணெய்க் கசண்டு போலப் பளபளத்துக்கொண்டிருந்தபோது வாசல் காவலாளியிடமிருந்து போன் வந்தது. கொழும்புக்காரர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடினார். கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "ஐயா, அதை நூத்து விடுங்கோ!"

நூத்து விடுங்கோ. எனக்குச் சந்தேகமே வரவில்லை. மில்லில் நூல் நூற்பார்கள், ராட்டையில் நூற்பார்கள். இளகிய சாமானை நூலாக இழுப்பது கண்ணாடிக்காரன் தினமும் செய்யும் வேலை. தகடு வேண்டாம், நூலாக்கிவிடுங்கள் என்கிறார். விருந்தாளி முன்னதாகவே வந்துவிட்டதால் தட்டு வைத்து அழுத்த நேரமில்லை என்று நானாகவே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கோலின் நுனியைக் கிண்ணத்தில் தொட்டு எடுத்தேன். கூடவே ஒரு இழை எழுந்து வந்தது. வேகமாக இழுத்தால் மெலிந்து அறும். மெதுவாக இழுத்தால் தடித்துத் தொங்கும். எனக்கு அந்த வேகம் கையில் இருக்கிறது. அப்படியே பின்னால் நடந்தேன். அறையைத் தாண்டினேன். கதவைத் தாண்டினேன். நடைபாதையின் கடைசிவரை பின்னாலேயே போனேன். இழை அறவில்லை. சன்னல் வெளிச்சத்தில் பொன் கம்பி போல மின்னியது. அதைச் சுற்றிவைத்துவிட்டு அடுத்த இழை. இப்படிக் கிண்ணம் துடைத்துப் போட்டது போல ஆகும்வரை இழுத்தேன்.

கடைசி இழையின் நுனியோடு நான் நடைபாதைக் கோடியில் நின்றபோது, அம்மா கொழும்புக்காரரை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். பின்னால் தேநீர்த் தட்டோடு சின்னராசா.

"சேர், நில்லுங்கோ, நூல்," என்றார் சின்னராசா. கொழும்புக்காரரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இழை ஆடிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டார். "ஐயா, என்ன இது? நூத்து விடச் சொன்னனான் அல்லோ?"

"நூத்துட்டேன்மா. கிண்ணத்துல பொட்டு மிச்சமில்லை."

யாரும் பேசவில்லை. கதைக்கவும் இல்லை. சின்னராசாதான் முதலில் புரிந்துகொண்டார். தட்டிலிருந்த கோப்பைகள் குலுங்கத் தொடங்கின.

"அண்ணே, நூக்கிறது எண்டால் அணைக்கிறது. லைற்றை நூக்கிறது, அடுப்பை நூக்கிறது. ஹீற்றரை நூக்கச் சொன்னவ."

ஹீட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிலோமினா அம்மா முதல் நாள் கதவருகில் நின்று சொன்னது அப்போதுதான் விளங்கியது.

"தகடு இல்லை," என்றார் ஜெசிந்தா அம்மா. எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "திருப்பி உருக்கினால் பழுதாப் போகும். நேரமும் இல்லை."

நான் நுனியை விடவில்லை. விட்டால் இழை தரையில் விழுந்து வீணாகும்.

கொழும்புக்காரர் விரலை நீட்டி இழையைத் தொட்டார். மெல்ல அழுத்தினார். அது வளைந்து, பிறகு நேரானது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். சின்னராசா எனக்குச் சொன்னார்: "இது அறாமல் எவ்வளவு நீளம் வந்தது எண்டு கேக்கிறார்."

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சின்னராசாவே அளந்தார். தூண்டில் கயிற்றை அளப்பது போல இரண்டு கைகளையும் விரித்து, பாகம் பாகமாக. "ஒண்டு. ரெண்டு. மூண்டு..." ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் கைவிரித்த நீளம். என் கைக்கு வந்து சேர்ந்தபோது ஏழு சொன்னார்.

கொழும்புக்காரர் மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை நீளமாக. சின்னராசா கேட்டு முடித்து என்னைப் பார்த்தார். "சின்னத் துண்டுகள் உருகி ஒட்டினதாய் இருந்தால் ஒரு முழத்தில அறுந்திருக்கும் எண்டுறார். சங்கிலி நீளமாய் இல்லாமல் ஏழு பாகம் இழுபடாதாம். தகடு பாக்கத் தேவையில்லையாம்."

ஜெசிந்தா அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். அப்புறம் நிமிர்ந்து, ஒரு இழையை வெட்டி அயோடின் கரைசலில் தொட்டுக் காட்டினார். பொன் நிறம் கரும்பச்சையானது. இரும்பு தன் கையிலிருக்கும் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்தால் அப்படி நிறம் மாறுமாம். இன்னொரு துண்டை நான் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, நைட்ரஜன் ஓட, டார்ச்சால் செவ்வனலாகக் காய்ச்சினேன். இழை உருகி உருண்டு, கறுத்து, மிளகளவுக்கு ஆனது. ஆறியதும் சின்னராசா அலுமாரிக் கதவிலிருந்த காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். மிளகு உருண்டுபோய் ஒட்டிக்கொண்டது. கொழும்புக்காரர் அதை மூன்று தடவை செய்யச் சொன்னார்.

போகும் முன் இழைச் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அம்மாவும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த மொழியில் வந்தாலும் என் பெயர் வந்தால் எனக்குத் தெரியும். வரவில்லை.

திட்டத்தை மூடவில்லை. அன்று இரவு பிலோமினா அம்மா வீட்டில் நண்டுக் குழம்பு. ஜெசிந்தா அம்மாவும் சின்னராசாவும் வந்திருந்தார்கள். உறைப்புத் தாங்காமல் நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் சின்னராசா, "அண்ணே, வாயை நூத்துப் போட்டுச் சாப்பிடுங்கோ," என்றார். அது அடுத்த நாள் நான் கிளம்பும்வரை ஓயவில்லை.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம், இந்த வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் நகல் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லச் சொல்லி அம்மாவே அனுப்பியிருந்தார். அதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துச் சொன்னார். லைனைப் பற்றி, 'கண்ணாடிக் கருவிகள் வெளியிலிருந்து பெறப்பட்டன' என்று இருக்கிறதாம். இழையைப் பற்றி, 'தற்செயலாக இழை இழுக்கப்பட்டது' என்று இருக்கிறதாம். இழுத்தது யார் என்று இல்லையாம்.

போன் போட்டேன்.

"ஐயா, சொல்லைப் பிழையா விளங்கிக்கொண்டு இழுத்தது எண்டு எழுதினால் வாசிக்கிற ஆக்கள் சிரிப்பினமே," என்றார் அம்மா.

"சிரிக்கட்டும்மா. சொல்லைத் தப்பாக் கேட்டது காது. இழுத்தது கை. காதுதான் தற்செயல். கை தற்செயல் இல்லை."

"என்னோட சேந்து எழுதின பேராசிரியர்மார் என்ன சொல்லுவினமோ தெரியாது. கேட்டுப் பாக்கிறன்," என்றார்.

கேட்கட்டும். கேட்கும்போது காட்டுவதற்கு வசதியாக இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தக் குழாயின் வாயை மூடியது நான். காற்றுப் புகாததால்தான் சங்கிலி நீண்டது. ஏழு பாகம் அறாமல் இழுத்தது நான். ஐஸில் உப்புக் கலந்ததும் பாகம் போட்டு அளந்ததும் ஈச்சிலம்பற்றுச் சின்னராசா. அவர் பெயரும் வர வேண்டும். தியேட்டர்க்காரர்கள் போடவில்லை, கல்லூரிக்காரர்கள் போடவில்லை, அதையெல்லாம் விட்டுவிட்டேன். இதை விடமாட்டேன்.

இடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்காரரை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 'தற்செயலாக' என்பதற்கு அவர்கள் போட்டிருக்கும் ஆங்கிலச் சொல்லில் பன்னிரண்டு எழுத்து. பெரியண்ணன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்துதான். அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். இரண்டு எழுத்து மிச்சமாகும்.